தட்டிப் பார்த்து எடுத்த பேட்

ஷட்டில் பேட் விற்கிறவனுக்கு ஆடவும் தெரிந்துவிட்டால் அவன் பாடு திண்டாட்டம்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் கடுத்துப்போன நண்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். தொண்ணூறுகளில் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் எனக்கு வேலை. சாயங்காலமானால் சர்ச் ஹாலில் ஷட்டில். அந்த வருஷம் டபுள்ஸில் நானும் அருள்ராஜ் அண்ணனும் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிரே, மூன்று வருஷமாகக் கோப்பையை விடாத, ஊர் பேக்டரித் தொழிலாளர் ஜோடி. இந்தத் தடவை ஜெயித்தே ஆகவேண்டும் என்று எனக்கு வெறி.

அளந்து பார்த்தவர்

ஃபைனலுக்கு ஒரு வாரம் முன்னால் கடைக்கு இரண்டு கிராஃபைட் பேட் வந்தன. பெட்டியைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்தேன். அப்பப்பா! கையில் ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. வீசினால் விர்ரென்று பறந்தது. ஒன்று அண்ணனுக்கு என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது பார்த்து உள்ளே வந்தார் சதாசிவம். பேக்டரியில் ஃபிட்டர், ஃபைனலில் எங்கள் எதிராளி. சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு பேட்டின் கைப்பிடியையும் தண்டையும் அளந்தார். “இதுல எதுங்க பெஸ்ட்?” என்று என்னையே கேட்டார். பக்கத்தில் முதலாளி. பொய் சொல்ல வாய் வரவில்லை. வயிற்றெரிச்சலோடு கிராஃபைட்டைக் காட்டினேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ரொம்ப தேங்க்ஸ்ங்க. ஞாயித்துக்கெழம இதாலதான் உங்கள அடிக்கப் போறேன்.”

தட்டிப் பார்த்தவர்

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து அருள்ராஜ் அண்ணன் வந்தார். எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கத்தில், பாறை சரியாமல் பூமிக்கடியில் மரம் கட்டி முட்டுக் கொடுக்கும் வேலை அவருக்கு. கீழே வேலையைத் தொடங்குமுன் தலைக்கு மேலே இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் ஓட வேண்டியதுதான். அந்தப் பழக்கம் கடைக்கும் கூடவே வரும். சுரங்கத்து ஆட்கள் எல்லோருமே பேட்டைக் கவுண்டரில் தட்டித்தான் வாங்குவார்கள்.

அண்ணன் தன் பழைய இரும்பு பேட்டைத் தட்டினார். டிங். மிச்சமிருந்த கிராஃபைட்டைத் தட்டினார். டொக். உடனே இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார். ஒரே ஒரு தடவை வீசிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். மனுஷன் தொடவே இல்லை. “உள்ள காலியா கீதுப்பா! கீழ இந்தச் சத்தம் கேட்டா உன்ன இழுத்துக்கினு ஓடுவேன். இத இன்னாத்துக்கு என் கையில குடுக்குற?”

நரம்பு அறுந்தபோது

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஜன்னல்களில்கூட ஆள். முதலாளியிடம் கேட்டு அந்த பேட்டை என் பையில் ஒளித்துக் கொண்டுபோயிருந்தேன். ஆளுக்கு ஒரு கேம் ஆனது. மூன்றாவதில் பதினொன்றுக்குப் பதினொன்று. அண்ணன் இரும்பைத் தூக்குவதற்குள் சதாசிவத்தின் அடி தரையில் விழுந்துகொண்டிருந்தது. கோபத்தில் அண்ணன் ஓங்கி அடித்தார். பேட்டின் நரம்பு படீரென்று அறுந்தது.

கிராஃபைட்டை அவர் கையில் திணித்தேன். அத்தனை பேர் முன்னிலையிலும் அதை வலைக் கம்பத்தில் தட்டினார். டொக். ஹாலே சிரித்தது. எனக்கு அழுகை வராத குறை. “அண்ணே, சட்டத்துல தட்டாத. நரம்புல தட்டிக் கேளு!” என்று ஷட்டிலைத் தூக்கிப் போட்டேன். அடித்தார். டங்! அண்ணன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. அதன்பிறகு அவர் ஆடியது ஆட்டமா! பதினைந்துக்கு மிச்சமிருந்த நான்கு பாயிண்டையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். நான் போட்ட கூச்சலில் இரண்டு நாளைக்குத் தொண்டையே இல்லை. சதாசிவம் வந்து கை குலுக்கினார், அண்ணனின் பேட்டை வாங்கினார், வெர்னியரை எடுத்தார், அளந்தார். “ரெண்டும் ஒரே அளவுதாங்க. அப்புறம் எப்படிங்க?”

மறுநாள் காலை

கடை திறக்கும்போதே அண்ணனின் ஷிஃப்ட்டுக்காரர்கள் நான்கு பேர் வாசலில் நின்றார்கள். ஒரு பேட் விடாமல் தட்டினார்கள். கணீரென்றவற்றை எல்லாம் வேண்டாமென்று ஒதுக்கி வைத்தார்கள். லேசாக இருப்பதுதான் காரணம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். மூத்தவர் கையமர்த்திவிட்டார்: “அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்பா. உள்ள காலியா கீறதா பாத்து நாலு குடு!”

ஆக, அந்தக் கவுண்டரில் என் பேச்சைக் கேட்டு பேட் வாங்கிய ஒரே மனிதர் என் எதிராளிதான். மற்ற எல்லோரும் பேட் பேசுவதை மட்டும்தான் கேட்டார்கள்.