பூவாக்கும் மின்விசிறியும்

காணைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் அம்மன் கோவில் பூசாரியின் பெயர் விருத்தாசலம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். யாராவது வாக்குக் கேட்டு வந்தால், அம்மனின் இரண்டு தோளிலும் ஈர அரளிப் பூவை ஒட்டிவைத்துக் கண்ணை மூடி நிற்பார். வலது பூ முதலில் விழுந்தால் உத்தரவு, இடது விழுந்தால் வேண்டாம். கல்யாணமோ ஆபரேஷனோ, அந்தப் பூவைக் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் துணிவதில்லை.

சித்திரை வெயிலுக்கு யாரோ ஒரு மின்விசிறி வாங்கிச் சன்னதியில் வைத்தார்கள். அன்றிலிருந்து வந்தவருக்கெல்லாம் அம்மன் உத்தரவு கொடுத்தாள். ஊருக்கே சந்தோஷம்.

பாஞ்சாலியின் புருஷன் தென்னரசு கிணறு தூர்வாருகிறவன். கோடை மழையில் ஊறி ஒரு பக்கம் சரிந்திருந்த பழைய கிணற்றில் அவனுக்கு வேலை வந்தது. பாஞ்சாலி பயந்துபோய்ப் பூக் கேட்டாள். வலது பூதான் விழுந்தது.

மறுநாள் அவன் இறங்கிய பிறகு, மயிலம் காலேஜில் பிசிக்ஸ் படிக்கும் பூசாரியின் மகள் அஸ்வினி, கோவிலைக் கூட்ட வந்தவள், விசிறியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யப்பா, காத்து வலது தோள் மேலயே அடிக்குது. ஈரம் காஞ்சு அந்தப் பூதான் முன்னாடி விழும்."

"அம்மா நெனைக்காம விழுமா?"

"ஈரம், கனம், காத்து எல்லாம் தெரிஞ்சா எது விழும்னு முன்னாடியே சொல்லிடலாம்பா. தெரியாததாலதான் தானா விழுதுன்னு நெனச்சிக்கினு இருக்கோம்."

"அப்போ அந்தக் கெணத்து மண்ணு?"

"அதுவும் அப்படித்தான். எப்ப சரியும்னு இப்பவே முடிவாயிருக்கும். நமக்குத்தான் தெரியாது."

அவர் துண்டைக்கூட எடுக்காமல் ஓடினார்.

"மேல வா தென்னரசு. அது அம்மா உத்தரவு இல்ல, விசிறிக் காத்து" என்று கிணற்றுக்குள் குனிந்து சொன்னார்.

கயிற்றருகே நின்ற பாஞ்சாலி அவரையே பார்த்தாள். "இன்னா பூசாரி சொல்றீங்க?"

தென்னரசு முனகிக்கொண்டே ஏறி வந்தான். பொழுது சாயும்வரை எல்லோரும் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டி மண்கூட விழவில்லை.

விடிந்ததும் அவன் மறுபடி வந்து நின்றான். "பூவும் பொய்ன்னீங்க, மண்ணும் விழல. பேஜாரு பண்ணாதீங்க பூசாரி. வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"விசிறிய நிறுத்திட்டு இன்னொரு வாட்டி கேக்கலாமே" என்றாள் பாஞ்சாலி.

"இனிமே எந்தக் காத்தைன்னு நிறுத்துவேன்மா?"

தென்னரசு இறங்கினான். பூசாரி கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். வாய் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. சரிந்த பக்கத்திலிருந்து பொடிமண் உதிர்ந்தது. அது எப்போதும் உதிர்வதா, இன்றைக்குத்தான் உதிர்கிறதா என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.