டிக் வாங்கிய பொய்

தேவிப்ரியாவுக்குச் சொந்த ஊர் சங்கராபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டிப் படிக்க வைத்த பெண். இப்போது கள்ளக்குறிச்சியில் வாடகை வீடு, மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் காலை பஸ்ஸை விட்டால் ஜீப்தான். ஜீப்பில் யார் மடியில் உட்காரப் போகிறோம் என்பது ஏறிய பிறகுதான் தெரியும். பதினோரு வருஷமாக இப்படிப் போய் அறிவியல் நடத்திவிட்டு வருகிறாள்.

அந்த வருஷம் செல்போனில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வாரம் ஒரு பீரியடு வந்தது. "உங்களுக்குத்தான் டீச்சர் இதெல்லாம் நல்லா வரும்" என்று தலைமையாசிரியர் ராமசாமி அதை அவள் தலையில் கட்டினார். பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொன்னால் வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆனால் இவள் ஏனோதானோவென்று நடத்துகிறவள் இல்லை. வந்த வினையே அதனால்தான்.

எட்டாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரியை அன்று கரும்பலகையில் எழுதிப் போட்டாள். 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், உஷார், எல்லோருக்கும் அனுப்பவும்.' இதில் என்ன ஓட்டை என்று கேட்டாள். ஊர் இல்லை, தேதி இல்லை, ஆள் அடையாளம் இல்லை என்று பிள்ளைகள் டக்டக்கென்று சொன்னார்கள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"சரி, இதையே நம்புற மாதிரி எழுதணும்னா இன்னா பண்ணுவீங்க? பொய்ய எப்படி சமைக்கிறாங்கன்னு தெரிஞ்சாதான் அத திங்காம இருப்பீங்க."

"பொம்பளைன்னு போடலாம் டீச்சர். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றான் சின்னதுரை. பச்சைச் சேலை என்றாள் ஒருத்தி. கையில் வெள்ளைச் சாக்கு என்றான் இன்னொருவன். பஸ்ஸில் வந்து பள்ளிக்கூட ஸ்டாப்பிங்கில் இறங்குவாள் என்றார்கள். கடைசியாக மூன்றாம் பெஞ்சு இலக்கியா எழுந்தாள்.

"எடது கால தாங்கித் தாங்கி நடப்பா டீச்சர்."

"அது எதுக்குடி?"

"தெரில டீச்சர். அப்பிடித்தான் நடப்பா."

இரண்டு பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே சாமை வயலும் பனிமூட்டமும்தான் இருந்தன. தேவிப்ரியாவுக்கே கையில் மயிர் கூச்செறிந்தது. சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள்.

"இது மொத்தமும் பொய், தெரியுதா?" என்று அவள் சொல்லவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. சொன்னாள், எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் போர்டில் இருப்பதுதான் நோட்டுக்குப் போகும், வாயால் சொன்னது காற்றோடு போகும். முப்பத்தெட்டுப் பேரும் அந்தப் பெண்ணை ஒரு எழுத்து விடாமல் நோட்டில் இறக்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் நோட்டுகளைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் தேவிப்ரியா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திருத்தித் தள்ளினாள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக், கையெழுத்து, தேதி. படித்துப் பார்க்க நேரம் ஏது?

நோட்டு திருத்திய நான்காம் நாள் காலை பக்கத்து வீட்டு மலர்விழி போனை நீட்டினாள். "இன்னா டீச்சர், உங்க ஸ்கூல்ல இப்பிடி ஒரு நோட்டீஸாமே? நீங்களே கையெழுத்து போட்டுக்கிறீங்க."

நோட்டுப் பக்கத்தின் போட்டோ. பச்சைச் சேலை, வெள்ளைச் சாக்கு, தாங்கிய கால். கீழே அவளுடைய டிக், அவளுடைய தேதி. அன்றே 'இது பாடத்துக்காக எழுதிய பொய்' என்று குரல் பதிவு செய்து பெற்றோர் குழுவில் போட்டாள். பாவம், டீச்சரை யாரோ மிரட்டி மாற்றிச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று அதற்குப் பதில் வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை ஆட்கள் பார்க்கத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை திருக்கோவிலூரில் ஆற்றோரம் உட்கார்ந்திருந்தாளாம். செவ்வாய்க்கிழமை சங்கராபுரம் சந்தையில் பார்த்தார்களாம். பார்த்தவர் யாரும் நேரில் சொல்லவில்லை, பார்த்தவரைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். கரும்பலகையில் பிறந்தவள் ஊர் ஊராக மலையை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் தேவிப்ரியா கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மலை வளைவில் பஸ் திரும்பியபோது கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விலகிய இடைவெளியில் பின் படிக்கட்டுப் பக்கம் பச்சைச் சேலை தெரிந்தது. மடியில் வெள்ளைச் சாக்கு. ஐம்பது வயதிருக்கும். அந்த அம்மாள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவிப்ரியா பக்கத்தில் நின்ற யாருடைய குழந்தையையோ தன்னை அறியாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எல்லாம் பொய் என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான். அவளுக்கே அந்த நிமிஷம் பயமாக இருந்தது. அதை நினைத்துப் பிற்பாடு பலமுறை வெட்கப்பட்டாள்.

பள்ளிக்கூட ஸ்டாப்பிங்கில் அந்த அம்மாளும் இறங்கினாள். இறங்கி, இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். ஒன்றரை மணி நேரம் நெரிசலில் வந்தவர்களுக்குக் கால் மரத்துப்போகாதா? தேவிப்ரியாவுக்கும் மரத்துத்தான் போயிருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் டீச்சரின் காலைப் பார்க்கவில்லை.

பத்து பேர், இருபது பேர் என்று சத்தமே இல்லாமல் சுற்றி நின்றுகொண்டார்கள். ஜீப் ஓட்டும் தங்கதுரை சாக்கைப் பிடுங்கிக் கொட்டினான். உள்ளிருந்து மயிர் விழுந்தது. உருண்டை உருண்டையாக, கறுப்பாக, பெண்பிள்ளைகளின் தலைமயிர். காற்றில் அது மெல்லப் புரண்டது.

"முடி வாங்குறவ சாமி! சீப்புல உதிர்ற முடிய வாங்கிக்கினு டப்பா குடுப்பன். சாலம்மாள்னு எங்கூர்ல கேட்டுப் பாருங்க" என்று அவள் கும்பிட்டாள். ஒருவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

"வுடுங்க!" தேவிப்ரியா நடுவில் புகுந்தாள். "அந்தப் பக்கத்த எழுதுனது நானு. பாடத்துக்காக எழுதுன பொய்ங்க அது. வேணும்னா பசங்கள கேளுங்க."

பிள்ளைகள் நோட்டுகளோடு ஓடி வந்தார்கள். தங்கதுரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான்.

"முப்பத்தெட்டு புள்ளைங்களும் ஒண்ணு போல எழுதிக்கிது. நீங்க டிக் போட்டுக்கிறீங்க. தப்புன்னா இன்ட்டு இல்ல போட்டிருப்பீங்க? நீங்க பயப்படாதீங்க டீச்சர், நாங்க பாத்துக்கறோம்."

அவன் குரலில் அவ்வளவு அன்பு இருந்தது. தேவிப்ரியா இலக்கியாவைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்து நின்றாள். "நான் சொன்ன மாதிரியே நடக்கிறா டீச்சர்" என்று முணுமுணுத்தாள். யாரோ குனிந்து கல்லை எடுத்தார்கள்.

தேவிப்ரியா சாலம்மாளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இவங்க எங்க சின்னம்மா. எங்கம்மாகூடப் பொறந்தவங்க. என்னப் பாக்கத்தான் வந்தாங்க. கைய வச்சிங்கன்னா நான் சும்மா வுட மாட்டேன்!"

கல் கீழே விழுந்தது. "அய்யோ, உங்க சின்னம்மாவா? முன்னாடியே சொல்லக் கூடாதா டீச்சர்?" என்றான் தங்கதுரை. அவனே உட்கார்ந்து முடியைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கொடுத்தான். ஆதாரம் எதுவும் யாரும் கேட்கவில்லை.

கீழே போகும் பஸ் இரண்டு மணிக்குத்தான். சாலம்மாளைப் பள்ளி வராண்டாவில் உட்கார வைத்துவிட்டு தேவிப்ரியா வகுப்புக்குப் போனாள். இலக்கியா எழுந்து நின்றாள்.

"டீச்சர், அவங்க நெஜமாவே உங்க சின்னம்மாவா?"

முப்பத்தெட்டு முகங்களும் அவளைப் பார்த்தன. இல்லை என்று சொல்லலாம். சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குள் அது டீக்கடைக்குப் போய்விடும். வராண்டாவில் இருப்பவள் மறுபடியும் அந்தப் பச்சைச் சேலைக்காரியாகிவிடுவாள். இந்தப் பிள்ளைகளிடம் பதினோரு வருஷத்தில் அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

"ஆமாம்மா" என்றாள், கண்ணை நேராகப் பார்த்து. "எங்க சின்னம்மாதான்."

இலக்கியாவின் முகம் அப்படியே மலர்ந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு ஓடினாள். அவள் நம்பிய வேகத்தைப் பார்த்து தேவிப்ரியாவுக்குக் காலையில் பஸ்ஸில் வந்ததைவிட அதிகமாகப் பயம் வந்தது.