இடியும் நாலு ஸ்பீக்கரும்

அவரை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கி மாட்டும் தொழிலால் வந்த பெயர் என்று அவர் பெருமை பேசுவார். வீட்டில் உப்புக் கேட்டால்கூட மாடிக்காரரே எடுத்துக்கொண்டு வரும் அளவுக்குக் கத்துவதால் வந்தது என்பது மனைவியின் கட்சி.

இடிக்குத் தெரிந்த வயரிங் ஒன்றே ஒன்று. எத்தனை ஸ்பீக்கரானாலும் சிவப்பு வயர்களுக்கு ஒரு முறுக்கு, கறுப்பு வயர்களுக்கு இன்னொரு முறுக்கு. இரண்டையும் ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டுப் பக்கத்தில் ஒரு மேஜை விசிறி. ஆம்ப்ளிஃபயர் ஏன் கொதிக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பெரிய விசிறி வாங்குவதைப் பற்றி மட்டும் நிறைய யோசித்திருக்கிறார்.

மனைவியின் அண்ணன் உடற்பயிற்சிக்கூடம் திறந்தபோது வெளியாளைத்தான் கூப்பிட இருந்தார். அவள் மல்லுக்கு நின்று வேலையைக் கணவருக்கு வாங்கித் தந்தாள்.

"இது நல்லா வந்தா அடுத்த கிளையும் உங்களுக்குத்தான். சொதப்பினா அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

திறப்பு நாளன்று அவள் ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் படித்தாள்.

"ஏங்க, மின்தடை நாலு ஓமுக்குக் கீழ போகக் கூடாதுன்னு போட்டிருக்கு. நம்ம ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் எட்டு. நாலையும் இப்படிச் சேத்துக் கட்டினா ரெண்டுக்கு இறங்கிடுமே?"

"நாலு எட்டு முப்பத்திரண்டு. கணக்குத் தெரியாமப் பேசாதே."

"வரிசையாக் கட்டினாத்தாங்க கூடும். இது நாலு கதவையும் ஒண்ணாத் திறந்துவிட்ட மாதிரி. அந்தப் பாய்ச்சலை இது தாங்காது."

"கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி, எதையாவது எழுதுவான். நீ விசிறியைப் போடு."

பாட்டு வந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன; இடியின் மீசையும் நிமிர்ந்தது. பாட்டுக்கு உடற்பயிற்சி செய்த கூட்டம் ஒற்றைக் காலைத் தூக்கிய நேரம் பார்த்துச் சத்தம் நின்றுபோனது.

"கரண்டு வீக்கு" என்றார் இடி. தலைக்கு மேலே எல்லா விளக்குகளும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. ஆம்ப்ளிஃபயர் சற்று ஆறியதும் பாட்டு தானே வந்தது. காலைத் தூக்கியதும் மறுபடி செத்தது.

அண்ணன் வந்தார். "என்ன மாப்பிள்ளை, இடிச்சுது, மழையைக் காணோமே?"

"உங்க கட்டடத்துல ஏதோ கோளாறு மச்சான்."

அண்ணன் போனை எடுத்தார். அந்த வெளியாளைத்தான் கூப்பிடப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். இனி ஆயுள் முழுக்க அண்ணன் வீட்டில் இதையேதான் சொல்லிக் காட்டுவார்கள்.

"அண்ணே, கொஞ்சம் பொறு."

ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். முறுக்குகளைப் பிரித்தாள். ஒன்றின் கறுப்பை இன்னொன்றின் சிவப்போடு கோத்து, நாலையும் இரண்டு ஜோடியாக்கினாள். ஜோடிக்குப் பதினாறு ஓம். இரண்டு ஜோடியையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் எட்டு. பாட்டு வந்தது. கண்ணாடி அதிரவில்லை. தூக்கிய கால்கள் தாளத்தோடு இறங்கின, மறுபடி ஏறின, பாட்டு நிற்கவில்லை.

அண்ணன் போனைப் பைக்குள் போட்டார். "அடுத்த கிளைக்கு யார் வர்றீங்க?"

இடி தொண்டையைச் செருமினார்.

"நான் வர்றேன்" என்றாள் அவள். "இவரும் வருவார். ஏணியைப் பிடிக்க ஆள் வேணும்ல?"

"ஏணி என்னோடது" என்றார் இடி.