என்னை மட்டும் மறித்த வாசல்

இன்று காலை உம்மாவுக்குச் செருப்பு வாங்கக் கிண்ணியாவிலிருந்து திருகோணமலை டவுனுக்குப் போயிருந்தேன்.

துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பெரிய கடை. முன்னால் போன எல்லாரையும் சும்மா விட்ட காவலாளி, என் அபாயாவைக் கண்டதும் கையை நீட்டி மறித்தார்.

"பையைத் திறங்க. எல்லாத்தையும் மேசையில வையுங்க."

வைத்தேன். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் சுட்டது. ஏன் என்னை மட்டும் என்று கேட்க வாய் வரவில்லை. வழக்கமாகவே வராது.

அப்போது எனக்குப் பின்னால் நின்ற சிங்கள அம்மா ஒருவர் தன் பையையும் மேசையில் வைத்தார்.

"மல்லி, இதையும் பாருங்க" என்று காவலாளியைத் தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் கூப்பிட்டார்.

"தேவையில்லை அம்மே, நீங்க போங்க."

"இந்தப் பிள்ளையைப் பார்த்தீங்கதானே? அப்ப என்னையும் பாருங்க."

அவரே பையைத் திறந்தார். உள்ளே கருவாடு. வாசலெல்லாம் மணத்தது.

அவருக்குப் பின்னால் பொட்டு வைத்த ஒரு அக்கா. அவரும் தன் பையின் சிப்பை இழுத்தார். "ஓம் தம்பி, என்ரதையும் பாருங்கோ. எனக்கு அவசரமில்லை."

காவலாளி என் சாமான்களைத் தானே எடுத்துப் பைக்குள் வைத்து, "சரி மிஸ், போங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

உள்ளே போய் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அல்ஹம்துலில்லாஹ்.

பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். இதை வாசிக்கும் உங்களில் யாருடைய அம்மா என்று சொல்லுங்கள். கதையைக் கேட்ட உம்மா அவருக்கென்று தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு வட்டிலப்பம் அவிக்கத் தொடங்கிவிட்டார். ஆள் வராவிட்டால் நான்தான் முழுதையும் சாப்பிட வேண்டிவரும்.