குழம்பில் கிடந்த இறால்

பதிப்பகத்துக்கு மூன்று மாதிரிப் படங்கள் அனுப்பியிருந்தேன். ஏரியைப் பற்றிய குழந்தைகள் புத்தகம். அட்டையில் முதன்முறையாக என் பெயர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நான்காம் நாள் பதிப்பகத்தின் ஆசிரியரம்மா போனில் பேசினார்.

"மூணும் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு பேர் வரைஞ்ச மாதிரி இருக்கு. இதுல நீங்க எங்கே? இன்னும் ஒரே ஒரு படம் அனுப்புங்க. அதைப் பாத்துட்டு முடிவு பண்றோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை, அதனால்தான். தடித்த கறுப்புக் கோடு, ஆரம்பாக்கத்தில் கடைச் சுவர்களுக்கு மீன் வரைந்த பெயின்டரிடமிருந்து நான் சுட்டது. பள்ளிக்கூடம் விட்டுப் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்து பஸ்ஸை விட்டிருக்கிறேன். முடி போன்ற மெல்லிய கோடு, டீக்கடையில் கிடந்த வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைப் படங்களிலிருந்து வந்தது. நிழலே இல்லாத தட்டை வண்ணம், போனில் பார்த்த வெளிநாட்டு கார்ட்டூன்களுடையது. மூன்றையும் அச்சு அசலாகச் செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

வீட்டில் நானும் அக்காவும்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நைனா இறந்த பிறகு ஏரியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து, என்னைச் சென்னையில் ஓவியம் படிக்க வைத்தவள். மாதிரிப் படங்களில் ஒன்றை அன்று எடுத்துப் பார்த்தாள். தண்ணீருக்கடியில் ஆரஞ்சு நிறத்தில், உடம்பை வளைத்துக்கொண்டு ஓர் இறால். பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாடி இது? கொழம்புல கெடந்தத எடுத்து ஏரியில உட்டுட்டியா? உசுரோட கீற எறா செவப்பாவா இருக்கும்?"

எனக்கு முகம் எரிந்தது. தினமும் இறால் வருகிற வீட்டில் பிறந்துவிட்டு, ஓட்டல் போர்டில் இருக்கும் இறாலை வரைந்திருக்கிறேன்.

"சரி, தண்ணிக்குள்ள எப்டி இருக்கும்? நீயே சொல்லு" என்றேன் வெடுக்கென்று.

அவள் சிரிப்பை நிறுத்தி யோசித்தாள். "எனக்கு இன்னா தெரியும்? கலங்கத் தண்ணி. உள்ள நான் எங்க பாத்தேன்? கைதான பாக்குது."

இத்தனை வருஷமாகப் பிடிப்பவள் தண்ணீருக்குள் இறாலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மறுநாள் காலை அவளோடு நானும் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். அக்கா, பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். இரண்டு கைக்கும் அடியில் வேலை இருப்பதால் பறியை வாயால்தான் பிடிக்க வேண்டும். ஊரிலேயே பெரிய வாயாடியான என் அக்கா பேசாமல் இருக்கும் இடம் அது ஒன்றுதான். அவள் கண் எங்கோ தூரத்தில் இருந்தது. அடியில் விரல்கள் சேற்றில் நடப்பது அவள் தோள் அசைவில்தான் தெரிந்தது. நானும் தடவினேன். முதலில் மீசை பட்டது. அப்புறம் வாலால் சுளீரென்று ஓர் உதை. இறுக்கிப் பிடிப்பதற்குள் கொம்பால் விரலைக் குத்திவிட்டு இறால் போய்விட்டது. அன்று நான் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கைக்குத் தெரிந்ததை மட்டும் வரைவது என்று உட்கார்ந்தேன். சேற்றுக்குள் ஒரு கை. அதன் மணிக்கட்டுக்குத் தடித்த கோடு தானாக வந்தது. விரலிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு மீசைகளுக்கு மெல்லிய கோடு. கலங்கல் தண்ணீருக்கு ஒரே தட்டை வண்ணம். கைக்குள் இறால் இருந்த இடத்தை வெறும் காகிதமாகவே விட்டுவிட்டேன். நான் சுட்ட மூன்றும் அதில் இருந்தன, ஆனால் யாருடையது என்று கேட்டால் என்னுடையது என்று சொல்லியிருப்பேன். வரைந்து முடிக்கும்வரை வேறு யாரையும் நான் நினைக்கவில்லை.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"இது என் கையி" என்றாள்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். படத்தில் சுண்டு விரல் மடங்காமல் விறைத்து நின்றது. கெளுத்தி முள் குத்திப் புரையோடிய பிறகு அக்காவுக்கு அந்த விரல் மடங்குவதில்லை. கல்லூரிக் கண்காட்சிக்கு அவள் வந்தபோது, என் தோழிகள் பார்க்கக் கூடாதென்று, அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னவள் நான். அதற்குப் பிறகு யார் போட்டோ எடுத்தாலும் அவளாகவே மறைத்துக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கும். ஆனால் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை.

"இத புக்குல போடுவாங்களா?"

"தெரில. அனுப்பணும்."

"இந்த வெரலோடயா?"

"அந்த வெரலோடதான். நான்தான்க்கா உன்ன மறைக்கச் சொன்னேன். தப்பு."

அன்றே படத்தை அனுப்பினேன். புத்தகம் முழுவதையும் இதே கையால் வரையுங்கள் என்று ஆசிரியரம்மா சொன்னார்.

புத்தகம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவது அக்காதான். அட்டையில் இருக்கும் என் பெயரைக் காட்டுவதில்லை. நேராக அந்தப் பக்கத்தைத் திறக்கிறாள். காற்றில் புரளாமல் இருக்க, சுண்டு விரல் நீட்டிய கையைப் பக்கத்தின்மேல் விரித்து வைத்துக்கொள்கிறாள்.