சுக்குப் பத்து காய்வதற்குள்

போன வாரம் ரத்தம் டெஸ்ட் பண்ணும் லேபில் ஒரு கூத்து நடந்தது.

என் தம்பி மகள் யாழினி, ஆறாம் வகுப்பு. பல மாதமாகத் தலைவலி. கண் டாக்டரைப் பார்த்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று... எல்லாம் நார்மல். வலி மட்டும் போகவில்லை. கடைசியில் குழந்தைகள் டாக்டர்தான், ஸ்ட்ரெஸ் ஹார்மோனையும், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் அளவையும் பார்த்துவிடலாம் என்றார். "காலைல, புள்ளைய பதட்டப்படுத்தாம கூட்டிட்டுப் போங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

தம்பி விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை நடத்துகிறான். ஒரு நிமிஷம் வீணானால் பொறுக்க மாட்டான். லேபில் பெயர் கூப்பிடும் வரை என்ன செய்தான் தெரியுமா? மகளிடம் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தான்!

"டேய், டென்ஷன் இருக்குதான்னு பாக்க வந்த எடத்துல பரிட்சை வெக்கிறியே... ஒனக்கே நல்லாருக்கா?"

"சும்மாதானக்கா ஒக்காந்திருக்கோம்!"

ரிசல்ட் வந்தது. இரண்டுமே கொஞ்சம் கூடுதல். இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார் டாக்டர். தம்பிக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"ஆறாவது படிக்கிற புள்ளைக்கு என்னங்க டாக்டர் டென்ஷன்?"

"இவ சும்மா இருக்கறது எப்பங்க?" என்று திருப்பிக் கேட்டார் டாக்டர்.

ஸ்கூல், டியூஷன், அபாகஸ், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டு... சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

யாழினி மெதுவாகச் சொன்னாள். "தல வலிச்சாத்தான் டாக்டர், அப்பா புக்க மூடச் சொல்லுவாங்க."

"நடிக்கிறாள்னு நெனைக்காதீங்க. வலி நெஜம்தான்" என்றார் டாக்டர்.

எங்களுக்கும் சின்ன வயதில் தலை வலித்திருக்கிறது. அப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்த கோணல் பீங்கான் தட்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் கவிழ்த்து, பளபளப்பு ஏறாத அடி விளிம்பில் தண்ணீர் விட்டு அம்மா சுக்கை உரசுவார். நெற்றியில் பத்துப் போட்டால் எரியும். அப்பாடா, என்ன எரிச்சல்! ஆனாலும் அதற்காக ஏங்குவோம். ஏன்? அம்மாவின் சட்டம் அப்படி.

"பத்து காயற வரைக்கும் புள்ளைய யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது."

படிப்பு கிடையாது, கடைக்குப் போ என்பது கிடையாது. அப்பாகூட குரலைத் தாழ்த்திக்கொள்வார். தம்பி பலே கில்லாடி. செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, பத்தைக் காயவே விடமாட்டான்!

வீடு திரும்பும் வழியில் இதைச் சொன்னேன். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். "நெசமாவாப்பா?" தம்பி நேரே பட்டறைக்குப் போய் ஒரு கோணல் தட்டோடு வந்தான்.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், தூங்கும் நேரமும் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் தனியாக நடக்கிறது. அபாகஸையும் ஞாயிறு டெஸ்ட்டையும் தம்பியே போன் போட்டு நிறுத்திவிட்டான்.

அன்று சாயங்காலம் யாழினி பத்துப் போட்டுக்கொண்டு என் மடியில் படுத்திருந்தாள். ஓரம் வெளுத்துக் காயத் தொடங்கியது. அவள் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள்.

தம்பி செம்பில் விரலை நனைத்துக்கொண்டு வந்தான்.

சுக்கு தலைவலியைத் தீர்க்குமா? அதை டாக்டரைக் கேளுங்கள்... எங்கள் வீட்டில் இன்னும் காயவில்லை!