யோகா அக்கா விட்டுவைத்த இடம்

யோகா அக்காவின் எண்ணிலிருந்து காலையில் செய்தி வந்தால் அது புத்தகமாகத்தான் இருக்கும். அதனால்தான் அன்று நம் வாசகர் குழுவில் நாலைந்து பேர் படித்துப் பார்க்குமுன்னே கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டார்கள். நான் பஸ்ஸில் பம்பலப்பிட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தேன். எழுதியிருந்தது அவருடைய மகள். அம்மா நித்திரையிலேயே போய்விட்டார் என்றிருந்தது. கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நான் இறங்கி, வீதியைக் கடந்து, அக்காவின் வீடு இருக்கும் வெள்ளவத்தைக்குத் திரும்பினேன்.

அந்தக் கட்டைவிரல்களை அக்கா பார்த்திருந்தால் முதலில் சிரித்திருப்பார், பிறகு ஏசியிருப்பார். வாசிக்காமல் பாராட்டுவது அவருக்கு அறவே பிடிக்காது.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். யோகேஸ்வரி என்ற யோகா அக்காவும் நானும் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகு அவருக்குக் கண் மங்கி, அச்சுப் புத்தகம் கைவிட்டுப் போனது. மகள் வாங்கிக் கொடுத்த டேப்லட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கத் தொடங்கினார். ஒரு திரைக்கு ஒரு வாக்கியம் முழுதாகக் கொள்ளாது. அப்படியே விரலால் தள்ளித் தள்ளி, எழுத்தாளர்கள் இணையத்தில் இலவசமாகப் போடும் தமிழ் மின்னூல்களை வருடம் முழுவதும் வாசித்தார். நல்ல கண் உள்ள நம்மில் ஒருவரும் அவ்வளவு வாசித்ததில்லை. டிசம்பரில் தன் வீட்டு ஹோலுக்கு நம்மைக் கூப்பிட்டு, ரோல்ஸும் பிளேன் டீயும் தந்து, அந்த வருடம் தனக்குப் பிடித்த இலவச மின்னூல்கள் எவை, ஏன் பிடித்தன என்று எழுந்து நின்று சொல்வார்.

“ஃப்ரீயாக் கிடைச்சது எண்டதுக்காக ஒண்டை நல்லம் எண்டு சொல்ல மாட்டன். என்ர கண் ஃப்ரீ இல்லை” என்பது அவர் வாக்கு.

நம் குழுவில் உள்ள கல்கிசை எஞ்சினியர் ஐயாவுக்கு அது நன்றாகத் தெரியும். தன் கவிதைகளை மின்னூலாகப் போட்ட வருடம், டிசம்பர் கூட்டத்தில் அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா எல்லாப் புத்தகங்களையும் சொல்லி முடித்துவிட்டார், ஐயாவின் பெயர் வரவில்லை. அவரே எழும்பிக் கேட்டார். இருபதாம் பக்கத்தில் தனக்கு நித்திரை வந்துவிட்டதாக அக்கா மிகுந்த மரியாதையோடு சொன்னார். ஐயா இரண்டு மாதம் குழுவில் வாய் திறக்கவில்லை. பிறகு புதிதாக எழுதியதை முதலில் அக்காவுக்குத்தான் அனுப்பினார். ஐயாவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அக்காவும் ஒருமுறை பிழைவிட்டார். அவரைப் பற்றி நான் அதிகம் பெருமைப்படுவது அந்தப் பிழைக்குப் பிறகு அவர் செய்ததை நினைத்துத்தான்.

கொட்டாஞ்சேனையில் ஸ்டெல்லா என்று ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் எல்லோருக்கும் அவர் ‘மிஸி’. வார்ட்டில் கண்டதைக் கதைகளாக எழுதி இலவச மின்னூலாகப் போட்டிருந்தார். அக்கா அதை வாசித்துவிட்டு இருப்புக்கொள்ளாமல், தளத்துக்குப் போய் எடுக்கும் சிரமம் நமக்கெல்லாம் வேண்டாம் என்று மின்னூல் கோப்பையே குழுவில் அனுப்பினார். நாம் அதை லண்டன், டொரொன்டோ சொந்தங்களுக்கும் தள்ளிவிட்டோம். எல்லோரும் வாசித்தோம், எல்லோரும் நமக்குள்ளேயே புகழ்ந்தோம். சில மாதம் கழித்து அக்கா மிஸியின் எண்ணைத் தேடிப் பிடித்து வாழ்த்துச் சொல்லப் பேசியபோது, மிஸி புத்தகத்தை இணையத்திலிருந்து எடுக்கப்போவதாகச் சொன்னார். எத்தனை பேர் வந்து எடுத்தார்கள் என்று புத்தகம் இருந்த தளம் காட்டுமாம்; நாம் கைமாற்றிய கோப்புகள் அந்தக் கணக்கில் வரவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து அவர் மனம் விட்டுப் போயிருந்தார். பாதி எழுதிய இரண்டாவது புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டார்.

“யாரும் வாசிக்கல. எங்க அக்கா புள்ளைங்க மட்டுந்தான் எடுத்திருக்காங்க. இன்னொன்னு எழுதி என்னத்துக்கு?”

அன்று மாலையே குழுவில் அக்காவின் குரல்பதிவு வந்தது. “பிழை என்ர. உங்களை அவவின்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் சோத்தைப் பார்சல் கட்டித் தந்திட்டன். சமைச்ச மனிசிக்கு ஆர் சாப்பிட்டது எண்டே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கொட்டாஞ்சேனைக்கு வாருங்கோ.”

போனோம். மிஸியின் முன்னறையில் கதிரை போதாமல் பாதிப்பேர் நின்றோம். தனக்குப் பிடித்த இடத்தை ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும் என்பது அக்காவின் கட்டளை. ஒரு கதையில், நோயாளி இறந்ததும் தாதி அவர் தலையை வாரிவிட்டுத்தான் உறவினரை உள்ளே கூப்பிடுவாள். எஞ்சினியர் ஐயா அந்த இடத்தைச் சொன்னார். தன் தாயின் தலையையும் யாரோ அப்படி வாரிவிட்டிருந்தார்கள், யாரென்று தனக்கு இன்றுவரை தெரியாது என்றார். அதுவரை தலை குனிந்திருந்த மிஸி நிமிர்ந்து, “எந்த வார்ட்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அங்கே அழாதவர் இல்லை. புத்தகத்தை அவர் இணையத்திலிருந்து எடுக்கவில்லை, மூடி வைத்த இரண்டாவதையும் திரும்ப எழுதத் தொடங்கினார். அக்காவும் அதற்குப் பிறகு எந்த மின்னூல் கோப்பையும் யாருக்கும் அனுப்பவில்லை, புத்தகம் இருக்கும் இடத்தின் இணைப்பை மட்டுமே அனுப்பினார்.

இந்த வருடத்துக்கான புத்தகங்களை, என்னோடு கடைசியாகப் பேசியபோதே அவர் முடிவுசெய்துவிட்டிருந்தார். “ஒரு இடம் மட்டும் விட்டிருக்கிறன் தம்பி. மிஸியின்ர ரெண்டாவது வரப்போகுது. நல்லா இல்லாட்டி அந்த இடம் வெறுமையாவே கிடக்கும். அவவுக்கும் சொல்லிப்போட்டன்” என்றார். அந்தப் புத்தகம் வருமுன்னே அவர் போய்விட்டார். அக்காவின் உடல் வைத்திருந்த மலர்ச்சாலைக்கு மிஸி வந்தார். நேரே பெட்டியருகே போய், அக்காவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை விரலால் ஒதுக்கிச் சீராக்கிவிட்டுத் தள்ளி நின்றார்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கிழமை மிஸியின் இரண்டாவது புத்தகம் வந்தது. இனி அதை நிறுத்துப் பார்ப்பது யார் என்று நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். அக்கா இல்லாத துக்கத்தில் அந்த இடத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கலாம். அது அவருக்கும் மரியாதை இல்லை, மிஸிக்கும் மரியாதை இல்லை. எழுத்தைப் பெரிதாக்கி, அவர் வாசித்த மாதிரியே விரலால் தள்ளித் தள்ளி முழுவதையும் வாசித்தேன். இரண்டு கதைகள் இழுபடுகின்றன. பிரசவ வார்ட்டுக் கதை முதல் புத்தகத்தில் உள்ள எதையும்விட மேலானது. அந்த இடம் இந்தப் புத்தகத்துக்கு உரியதுதான். அக்கா இருந்தாலும் இதையே சொல்லியிருப்பார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: முடிவுவரை வாசிப்பது, உள்ளதைச் சொல்வது, எழுதியவரின் வீட்டுக்கே ஆளை அனுப்பிவைப்பது. இணைப்பை நேற்றுக் காலை குழுவில் போட்டேன். கோப்பைக் கேட்டுத் தனியே எழுதியவர்களுக்கு நான் பதில் அனுப்பவில்லை, கோபிக்கவேண்டாம்.

மாலையில் மிஸி தொலைபேசியில் கூப்பிட்டார். தளம் காட்டும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சொன்னார்: “வந்துகிட்டே இருக்காங்க தம்பி.”